தலை எண்ணும் கதவு

அத்தியாயம் ஐந்து

பட்டாசு பன்னிரண்டாவது முறையாகக் கிழக்கு வாசல் வழியே உள்ளே நுழைந்தான். கதவுக்கு மேலே பொருத்தியிருந்த சின்னக் கண்ணாடிக் கண் ஒருமுறை சிவந்து அணைந்தது.

"போதுமா அண்ணி? இதுக்கு மேல நடந்தா என்னைத் தூக்கிட்டுப் போக நாலு பேரைக் கூப்பிடணும். அவங்களையும் மெஷின் எண்ணிரும்."

நடுக்கூடத்து பெஞ்சில் சல்லடையம்மா உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சுவரில் சிவப்பு எழுத்தில் எரிந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இன்றைய வருகை: 1188.'

வங்கியில் இருபத்திரண்டு வருடம் கடன் மனுக்களைச் சோதிக்கும் வேலை பார்த்தவர் அவர். அவர் மேஜையைத் தாண்டி ஒரு பொய்க் கையெழுத்துகூடப் போனதில்லை என்பதால் சல்லடை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றதும் ஒரு சலவைக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தார். உதவிக்கு வந்து சேர்ந்தவன் கணவரின் தம்பி. சோபாக் கடை வைத்து மூடியவன். வாய் சும்மா இருக்காது என்பதால் அவனுக்குப் பட்டாசு.

"நான் உக்காந்தப்போ ஆயிரத்து நூத்து எழுபத்து நாலு," என்றார் சல்லடையம்மா. "இப்போ எண்பத்தெட்டு. பதினாலு ஏறியிருக்கு. அதுல பன்னிரண்டு நீ."

"அப்போ மெஷின் யோக்கியம். நான்தான் தோத்தேன்." எண்ணும் இயந்திரத்தில்தான் கோளாறு என்று அவன் காலையில் பந்தயம் கட்டியிருந்தான்.

"மெஷின் யோக்கியம்தான். ஆனா ஒரு மணி நேரத்துல உன்னைத் தவிர ரெண்டே பேர் வந்திருக்காங்க. மிச்ச ஆயிரத்துச் சொச்சம் பேர் எப்போ வந்தாங்க? எங்க போனாங்க?"

பட்டாசு சுற்றிப் பார்த்தான். 'கருவைரம் வணிக வளாகம்' பளபளவென்று இருந்தது. ஒன்பது வருடம் முன்பு நிலக்கரிச் சுரங்கம் மூடியபோது, கரி கழுவும் கொட்டகை நின்ற இடத்தில் எழுப்பிய கட்டடம். மொத்தம் நாற்பது கடைகள். முப்பத்து நான்கின் கண்ணாடியில் 'விரைவில் திறப்பு' என்று படம் ஒட்டியிருந்தது. படத்தில் இருந்த குடும்பம் கை நிறையப் பைகளோடு சிரித்தது. அந்த ஊரில் பைகளோடு சிரித்த ஒரே குடும்பம் அதுதான்.

"விளம்பரத்துல எள் விழ இடமில்லாத கூட்டம்னு போட்டிருக்கான். எள்ளை மூட்டை மூட்டையா கொட்டினாலும் இடம் இருக்கு அண்ணி."

இந்தக் கூட்டத்தை நம்பித்தான் மறுநாள் பதினொரு மணிக்கு ஒரு கையெழுத்து விழ இருந்தது. பழைய சுரங்கத் தொழிலாளர்களின் சேமிப்புச் சங்கம் இந்தக் கட்டடத்தை வாங்கப் போகிறது. சுரங்கம் மூடியபோது கைக்கு வந்த பணத்தை இருநூற்றுச் சொச்சம் குடும்பங்கள் சங்கத்தில் போட்டிருந்தன. பாதி விலை அந்தப் பணம், மீதி வங்கிக் கடன். கட்டடத்தின் விலையை வாடகை தீர்மானிக்கிறது. வாடகையை ஆள் நடமாட்டம் தீர்மானிக்கிறது. ஆள் நடமாட்டத்தைக் கதவுக்கு மேலிருந்த ஒற்றைக் கண் தீர்மானித்தது. தினமும் ஆயிரத்து இருநூறு தலை என்று அது சாட்சி சொன்னது.

அதை நம்பாத ஒரே ஆள் சங்கத்தின் பொருளாளர். சுரங்கத்தில் இறங்குபவர்களுக்கு விளக்கு கொடுத்து, ஏறியதும் திரும்ப வாங்கும் விளக்கறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்பதால் ஊருக்கே அவர் விளக்கறை அக்கா. "இறங்கின ஆளும் ஏறின ஆளும் கணக்கு ஒத்துப்போனாத்தான் நான் வீட்டுக்குப் போவேன்," என்று முந்தாநாள் நிலையத்துக்கு வந்து வழக்கை ஒப்படைத்தபோது சொல்லியிருந்தார். "இங்க ஆயிரத்து இருநூறு பேர் உள்ள போறாங்களாம். ஒருத்தர் கையிலயும் பை இல்ல. எனக்கு மனசு ஒத்துக்கல."

பட்டாசு காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குக் கால் வலிகூடப் பெரிசில்ல அண்ணி. அந்தக் காவல்காரர் பேசினதுதான் வலிக்குது. நாலாவது ரவுண்டுலயே என்னைப் பிடிச்சு, யாருய்யா நீ, எதுக்குச் சுத்துறன்னு கேப்பார்னு பயந்துட்டே போனேன். பதில்கூட ரெடி பண்ணி வெச்சிருந்தேன். மனுஷன் சிரிச்சுட்டு, 'கையை நல்லா வீசி நடங்க சார்'னு சொல்றாரு!"

சல்லடையம்மா முதன்முறையாகப் பலகையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"இன்னொரு தரம் சொல்லு."

"கையை நல்லா வீசி நடங்க சார்."

"ஒரு ஆள் ஒரே கதவுல பன்னிரண்டு தடவை நுழையறான். காவல்காரருக்குச் சந்தேகமே வரல. புத்திமதி வேற. அப்படின்னா என்ன அர்த்தம் தம்பி?"

"என் முகத்துல அவ்வளவு நேர்மை இருக்குன்னு அர்த்தம்."

"அவருக்கு அது பழகிப்போச்சுன்னு அர்த்தம்." அவர் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "இந்தப் பலகை காலையில பத்து மணிக்குத்தான் எரியுமாம். டீக்கடையில கேட்டேன். ஆனா கதவுக்கு மேல இருக்கற கண்ணு எப்போ முழிக்குதுன்னு யாரும் கேக்கல. நாளைக்கு ஆறரைக்கு வா."

"காலையிலயா?"

"ஆமா, சூரியன் உனக்காக ஒரு நாள் சீக்கிரம் வரும்."

காலை ஆறரைக்கு அவர்கள் வந்தபோது வளாகத்துக்குள் ஒரே காலடிச் சத்தம்.

நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பார்கள். அறுபது வயது, எழுபது வயது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி, அதில் 'கருவைரம் நலநடைக் குழு' என்று நீல எழுத்து. கிழக்கு வாசலில் நுழைந்தார்கள், நடுக்கூடத்தைக் கடந்தார்கள், மேற்கு வாசலில் வெளியேறினார்கள், கட்டடத்தைச் சுற்றி மறுபடி கிழக்கு வாசலுக்கு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு தலைக்கும் அந்தக் கண்ணாடிக் கண் சிவந்து அணைந்தது. கடைப் பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

"செக்குமாடு மாதிரி சுத்தறாங்களே," என்றான் பட்டாசு. "அண்ணி, அந்த ஆயிரத்து இருநூறு இதுதானா?"

"தலையை எண்ணு."

"ஓடற தலையை எப்படி எண்றது? தொண்ணூறு... தொண்ணூத்து நாலு... கடைசியா ஒரு அம்மா வராங்க, தொண்ணூத்தஞ்சு..." எண்ணிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. "அண்ணி. தொண்ணூத்தஞ்சாவது தலை நம்ம கட்சிக்காரர்."

தொப்பியைச் சரிசெய்தபடி விளக்கறை அக்கா வந்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்களும் நடக்க வந்துட்டீங்களா? ரொம்ப நல்லது. டாக்டர்தான் சொன்னாரு. எங்க ஆளுங்களுக்கெல்லாம் நெஞ்சு பூரா கரித்தூசி. மேடு ஏறக் கூடாது, சமதரையில நடக்கணும்னாரு. இந்த ஊர்ல சமதரை எங்க இருக்கு? நான்தான் போய் வளாக மேலாளரைக் கேட்டேன். பாவம், உடனே சரின்னுட்டாரு. தொப்பி கொடுத்தாரு. பன்னிரண்டு ரவுண்டு முடிச்சா ஒரு டீ சும்மா."

அவர் ஒரு சின்ன அட்டையை நீட்டினார். பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் காவல்காரர் ஒரு துளை போடுவார்.

சல்லடையம்மா அட்டையை வாங்கவில்லை. "அக்கா, தொண்ணூத்தஞ்சு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு. பெருக்கிப் பாருங்க."

விளக்கறை அக்காவுக்குப் பெருக்கக் காகிதம் தேவைப்படவில்லை. உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"ஆயிரத்து நூத்து நாப்பது," என்றார். குரல் எங்கோ கீழேயிருந்து வந்தது. "கடை திறந்தப்புறம்தான் அந்த மெஷின் வேலை செய்யும்னு நெனச்சேனே... எங்க கட்டடத்துக்கு நாங்களே விலை ஏத்திட்டு இருக்கோமா?"

பட்டாசுக்கு நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"நான்தாம்மா ஏற்பாடு பண்ணேன்," என்று விளக்கறை அக்கா மறுபடி மறுபடி சொன்னார். "ஒவ்வொரு வீடா போய், வாங்க நடக்கலாம், வாங்க நடக்கலாம்னு..."

"நடக்கறதுல தப்பில்ல. எனக்கு ஒண்ணுதான் உறுத்துது. உள்ளேயே வட்டமா நடந்தா மெஷின் ஒரு தடவைதான் எண்ணும். ஏன் ஒவ்வொரு ரவுண்டும் வெளிய போய் வரீங்க?"

"டாக்டர் சொன்னாராம். ரவுண்டுக்கு ஒரு தரம் வெளிக்காத்து படணுமாம்."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"மேலாளர்கிட்ட சொல்லியிருக்காரு. அட்டைக்குப் பின்னால அச்சடிச்சே இருக்கே."

சல்லடையம்மா மேற்கு வாசலைப் பார்த்தார். வெளியே நாற்பது அடி தூரத்தில், சுரங்கம் விட்டுச்சென்ற கரிக்கழிவு மேடு கறுப்பாக உட்கார்ந்திருந்தது. காலைக்காற்று அதன் முதுகிலிருந்து புகை போலத் தூசியைக் கிளப்பியது. நடையாளர்கள் அதன் வழியே இருமியபடி சுற்றி வந்தார்கள்.

"அக்கா, நடையை நிறுத்துங்க. டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்."

விளக்கறை அக்கா கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார். ஒரு சுற்று முடித்திருந்த தொண்ணூற்றைந்து பேரும் அப்படியே நின்றார்கள். "இன்னிக்குத் தூசி ஜாஸ்தி. அவ்வளவுதான், எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

"அப்போ டீ?" என்று கேட்டார் முன்னால் நின்ற பெரிய மீசைக்காரர். சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர், இப்போது சங்கத் தலைவர். கட்டடத்தை வாங்கியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான்.

டாக்டர் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இதை எழுதினவன் எந்தக் காலேஜ்ல படிச்சான்?"

"நீங்க சொன்னதா போட்டிருக்கு," என்றார் சல்லடையம்மா.

"நான் சொன்னது நேர் எதிர்! அந்த மேலாளருக்கு லெட்டரே கொடுத்தேன். இவங்களை மேற்கு வாசல் பக்கம் விடாதீங்க, அந்தக் கரிமேட்டுத் தூசி நெஞ்சுக்கு விஷம், கதவைச் சாத்தி உள்ளேயே நடக்க விடுங்கன்னு." அவர் இழுப்பறையில் துழாவி ஒரு நகலை எடுத்தார். "நானும் ரெண்டு மாசமா மண்டையைப் பிச்சுக்கறேன். நடக்கறாங்க, ஆனா இருமல் ஜாஸ்தியாகுதேன்னு."

விளக்கறை அக்கா அந்த நகலைக் கையில் வாங்கினார். அதுவரை அவர் முகத்தில் இருந்தது குற்ற உணர்ச்சி. படித்து முடித்தபோது அது போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, தான் மேலாளராக இல்லாததற்குப் பட்டாசு நிம்மதிப்பட்டான்.

"பதினொரு மணிக்குத்தானே கூட்டம்?" என்றார் அவர். "நானே பேசறேன்."

வளாகத்து மாடியில் கண்ணாடிச் சுவர் போட்ட கூடம். அங்கிருந்து பார்த்தால் கீழே எண்ணிக்கைப் பலகை நன்றாகத் தெரியும். உறுப்பினர்கள் இருநூற்றுப் பத்துப் பேர் நாற்காலிகளை நிரப்பியிருந்தார்கள். மேடையில் சங்கத் தலைவர், பத்திரக் கட்டோடு வங்கி அதிகாரி, நடுவில் மேலாளர். அவருடைய டை அந்த ஊரின் ஒரே டை.

"இது வெறும் கட்டடம் இல்லைங்க," என்று ஆரம்பித்தார் மேலாளர். "தினமும் ஆயிரத்து இருநூறு பேர் காலடி படற இடம். அந்தக் காலடிதான் உங்க எதிர்காலம்."

"அந்தக் காலடி யாருதுன்னு சொல்லிட்டா நல்லாருக்கும்," என்று விளக்கறை அக்கா எழுந்தார்.

தலைவர் முகத்தைச் சுளித்தார். "மறுபடி ஆரம்பிக்காதம்மா. ஆயிரத்து இருநூறு பேர்! நானே தினம் பலகையில பாக்கறேன்."

"அந்த ஆயிரத்து இருநூறுல நீங்க பன்னிரண்டு."

தலைவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"நான் பன்னிரண்டு," என்று தொடர்ந்தார் அக்கா. "அதோ அவர் பன்னிரண்டு. அவர் பக்கத்துல இருக்கறவர் முழங்கால் வலின்னு நேத்து பதினொண்ணோட நிறுத்திட்டாரு, அதனால நேத்துக் கணக்குல ஒண்ணு குறையும். நம்ம தலையைத்தான் அந்தக் கதவு எண்ணுது. நம்ம காசுல நம்மளையே வாங்கப் போறோம்."

"அபாண்டம்!" என்றார் மேலாளர். "ஆதாரம் இருக்கா?"

"திரும்பிக் கீழ பாருங்க."

வங்கி அதிகாரி எழுந்து கண்ணாடிச் சுவர் பக்கம் போனார். பலகையில் 'இன்றைய வருகை: 341.'

"இந்நேரத்துக்கு ஆயிரத்து நூறு தாண்டியிருக்கணும்," என்றார் அக்கா அவரிடம். "தினமும் அப்படித்தான். இன்னிக்கு நாங்க ஒரே ரவுண்டு. அது தொண்ணூத்தஞ்சு. இந்தக் கூட்டத்துக்கு வந்தது இருநூத்துப் பத்து. கழிச்சா மிச்சம் முப்பத்தாறு. அதுல ஒண்ணு நீங்க, ஒண்ணு மேலாளர்."

"நான் நாலு," என்று பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினான் பட்டாசு. "காலையில ஒரு தரம் வந்தேன், இப்போ ரெண்டு தரம் போன் பேச வெளிய போனேன்."

யாரோ சிரித்தார்கள். மேலாளரும் சிரிக்க முயன்றார். தேர்ந்த ஆள்தான், ஒரே மூச்சில் சமாளித்துக்கொண்டார். "சரி, நடக்கறவங்களையும் மெஷின் எண்ணியிருக்கலாம். அது மெஷினோட குணம். நாங்க 'வருகை'ன்னுதான் எழுதினோம், 'வியாபாரம்'னு எழுதலையே? வந்தாங்களா இல்லையா? வந்தாங்க. இதுல பொய் எங்க இருக்கு? பெரியவங்க உடம்பு நல்லா இருக்கணும்னு ஒரு நல்ல காரியம் பண்ணா, அதுக்கும் பழியா?"

உறுப்பினர்களில் சிலர் தலையாட்டினார்கள். பட்டாசு சல்லடையம்மாவின் பக்கம் திரும்பினான். மனுஷன் தப்பித்துவிடுவான் போலிருந்தது.

சல்லடையம்மா கண்ணைக் காட்டினார். விளக்கறை அக்கா டாக்டர் கடிதத்தின் நகலைத் தலைவரிடம் கொடுத்தார்.

"மேஸ்திரி, நீங்களே சத்தமா படிங்க."

தலைவர் படித்தார். முதல் வரியில் குரல் கம்பீரமாக இருந்தது. 'மேற்கு வாசல் பக்கம் விட வேண்டாம்' என்ற இடத்தில் இறங்கியது. 'தூசி' என்ற சொல்லில் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் இருமினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"வெளிக்காத்து நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று மேலாளரைக் கேட்டார். கோபம் இல்லாத அந்தக் குரல் கோபத்தைவிட மோசமாக இருந்தது. "முப்பத்தஞ்சு வருஷம் அந்தத் தூசியைக் கூலிக்குத் தின்னேன். ரெண்டு மாசமா ஒரு டீக்குத் தின்ன வெச்சுட்டீங்களே."

மேலாளர் தன் டையைத் தளர்த்தினார்.

வங்கி அதிகாரி பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நான் கடன் கொடுக்கறது வாங்க வர்றவங்களை நம்பி. மூச்சு வாங்க வர்றவங்களை நம்பி இல்ல."

பத்திரக் கட்டு வந்த வழியே திரும்பிப் போனது. சங்கத்தின் பணம் சங்கத்திலேயே இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று பட்டாசு துள்ளினான். விளக்கறை அக்கா மட்டும் துள்ளவில்லை. மறுநாள் காலை அதற்கான காரணம் தெரிந்தது. கிழக்கு வாசலில் புதுப் பூட்டும் ஒரு பலகையும் தொங்கின. 'பத்து மணிக்கு முன் அனுமதி இல்லை. நடப்பதற்கு எந்நேரமும் அனுமதி இல்லை.'

"உண்மையைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்க," என்று சலவைக் கடை மாடியேறி வந்து சொன்னார் அக்கா. "நடக்கற இடம் போச்சு. எங்க ஆளுங்க வீட்டுக்குள்ளயே கட்டிலைச் சுத்தி நடக்கறாங்க."

"பத்து நாள் பொறுங்க அக்கா. அந்த ஆறு கடைக்காரங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்," என்றார் சல்லடையம்மா.

ஒன்பதாம் நாள் மேலாளர் அந்த மாடிப்படியை ஏறினார். விளக்கறை அக்கா அங்கேதான் இருந்தார், அவரைப் பார்க்க வேண்டும் என்று மேலாளர் கேட்டனுப்பியதால் சல்லடையம்மா வரச்சொல்லியிருந்தார். மேலாளரின் டை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"டீக்கடைக்காரம்மா காலி பண்றேங்கறாங்க," என்றார் உட்காராமலே. "மருந்துக் கடையும். செருப்புக் கடையும். ஆறு பேரும் ஒரே நாள்ல நோட்டீஸ் கொடுத்துட்டாங்க. காலையில நடந்து முடிச்சிட்டு, பத்து மணிக்குக் கடை திறக்கற வரைக்கும் உக்காந்திருந்து வாங்கிட்டுப் போறவங்கதான் அவங்களுக்கு வியாபாரமே. இருமல் மருந்து, ரெண்டாவது டீ, தேஞ்ச செருப்புக்கு மாத்துச் செருப்பு. கையில பை இல்லாம எல்லாத்தையும் சட்டைப் பையில போட்டுட்டுப் போயிருக்காங்க! நாங்க கவனிக்கவே இல்ல."

பட்டாசு நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "அப்போ உங்ககிட்ட இருந்த ஒரே நிஜக் கூட்டத்தைத்தான் பொய்க் கூட்டமா காட்டினீங்களா?"

மேலாளர் அவனைப் பார்க்கவில்லை. "அக்கா, நாளையிலேர்ந்து எல்லாரும் வரணும். உள்ளேயே நடக்கட்டும். மேற்குக் கதவை நானே பூட்டி வெக்கறேன்."

"வரோம்," என்றார் விளக்கறை அக்கா. "டாக்டருக்குத் தரைத்தளத்துல ஒரு காலிக் கடை வேணும். வாரத்துல மூணு நாள் அங்கேயே பார்ப்பாரு. வாடகை கிடையாது."

"சரி."

"பன்னிரண்டு கட்டம் வேண்டாம். முடிஞ்சவன் முடிஞ்சதை நடப்பான். டீ எல்லாருக்கும் உண்டு."

"சரிக்கா. அவ்வளவுதானே?"

"இன்னொண்ணு. கட்டடத்தை வாங்கற எண்ணத்தைச் சங்கம் கைவிடல. கடனே வேண்டாம், எங்க கையில இருக்கறதுல ஒரு பகுதி போதும். காலிக் கட்டடத்துக்கு என்ன விலையோ, அதைச் சொல்லுங்க."

மேலாளர் இப்போது உட்கார்ந்தார். உட்கார வேண்டிய விலைதான் அது. கட்டடத்தின் முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாக மெல்லிய குரலில் சொன்னார்.

"கேளுங்க," என்றார் விளக்கறை அக்கா. "அவரையும் ஒரு நாள் காலையில வந்து எங்களோட நடக்கச் சொல்லுங்க. அந்த விலையைக் கேட்டப்புறம் நெஞ்சை நல்லா பாத்துக்கணும்."